மேகம் இறங்கினால் அடிக்கும் முரசு

கோமதிநாயகத்திடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"அம்மா, அவன் இருக்கானா, இல்லையா?"

மெய்யம்மை பதில் சொல்ல மாட்டார்.

தென்காசிக்கு மேற்கே, சிற்றாற்றங்கரையில், ஓடு போட்ட சிறிய வீடு அவருடையது. வருகிறவர்கள் அதை மடம் என்றார்கள். அவர் வீடு என்றே சொல்வார். வடக்கே பல வருடங்கள் இருந்துவிட்டுத் திரும்பியவர். கோமதிநாயகத்தைவிட வயதில் மிகவும் இளையவர். கோமதிநாயகம் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக நாக்பூர்ப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தலை முழுக்க நரைத்தவர். ஆனாலும் அவர்தான் சீடர். அவர்தான் கீழே பாயில் உட்காருவார்.

மகனுக்குத் தாத்தா பெயரை வைத்திருந்தார்கள். சொக்கலிங்கம். புனேயில் கம்ப்யூட்டர் வேலை. லீவு கிடைத்தால் தனியாக மலையேறப் போய்விடுவான். போன ஐப்பசியில் இமாசலத்தில் ஷிரோகி என்ற ஊரிலிருந்து போன் செய்தான்.

"அப்பா, இங்கே ஒரு கோவில் இருக்கு. கோபுரம் மாதிரி ஒசரம். இல்லை, கோபுரமேதான் கோவில். மரத்தையும் கல்லையும் மாத்தி மாத்தி அடுக்கிக் கட்டியிருக்காங்க. சிமெண்டே கிடையாது."

"சரி."

"நாளைக்குக் கணவாய் தாண்டி அந்தப் பக்கம் இறங்குதேன்."

"சரி, சரி. விட்டு விட்டுக் கேக்கு. வச்சிரு."

அவ்வளவுதான். அந்தப் பக்கம் அவன் இறங்கவில்லை. போலீஸ் தேடியது. பனி விழுந்ததும் தேடுவது நின்றது. பனி உருகியதும் மறுபடி தேடினார்கள். அவனுடைய பொருள் என்று ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஏதாவது கிடைத்திருந்தால் கோமதிநாயகம் செய்ய வேண்டிய காரியங்களைச் செய்திருப்பார். எதுவும் கிடைக்காததால் எதையும் செய்ய முடியவில்லை. அவனுடைய போட்டோவை மாலை போட்டு மாட்டவும் முடியாமல், சும்மா மேசை மேல் வைக்கவும் முடியாமல், அலமாரிக்குள் வேட்டிகளுக்கு நடுவே வைத்திருந்தார். போன் மணி அடித்தால் நெஞ்சு அடித்துக்கொண்டது. அடிக்காவிட்டாலும் அடித்துக்கொண்டது.

தினமும் காலையில் மெய்யம்மையின் வீட்டுக்கு வருவார். கேட்பார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பார். கோமதிநாயகம் அந்த மௌனத்தைப் பலவிதமாகப் பொருள் பண்ணிக்கொண்டு வீடு திரும்புவார். ஒரு நாள், அவன் இருக்கிறான், அதனால்தான் அம்மா கவலைப்படாமல் இருக்கிறார் என்று தோன்றும். இன்னொரு நாள், இல்லை, அதைச் சொல்ல மனம் வராமல் இருக்கிறார் என்று தோன்றும்.

மறுபடி ஐப்பசி வந்தது. ஒரு நாள் காலை, அவர் கேட்பதற்கு முன்பே மெய்யம்மை சொன்னார்.

"வாங்க, போவோம்."

"எங்கே?"

"அந்தக் கோவிலுக்கு."

"அங்கே போனாத் தெரிஞ்சிருமா?"

மெய்யம்மை குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டார்.

கோமதிநாயகத்தின் மனைவி பகவதி பெட்டியில் கம்பளிச் சட்டைகளை எடுத்து வைத்தாள்.

"ஏதாவது ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டு வாங்க" என்றாள். எது என்று அவள் சொல்லவில்லை.

ரயில், பஸ், பிறகு ஜீப். ஜீப் நின்ற இடத்தோடு சாலையும் முடிந்தது. அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் வெறும் ஆழம். அடியில் எங்கோ ஆறு இரைந்தது.

கோமதிநாயகம் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். சிவப்பாக எது தெரிந்தாலும் நின்றார். சொக்கலிங்கத்தின் முதுகுப் பை சிவப்பு. ஒரு இடத்தில் அது ஏதோ பயிர், கீரைக் கதிர் மாதிரி சிவந்து விளைந்து நின்றது. இன்னொரு இடத்தில் பாறையில் யாரோ உலர்த்தியிருந்த துணி. அவர் நின்ற போதெல்லாம் மெய்யம்மையும் நின்றார். வாங்க என்று சொல்லவில்லை.

"கால் வலிக்காம்மா?"

"வலிக்கு."

கோமதிநாயகத்துக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அம்மாவுக்கும் வலிக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் ஷிரோகி தெரிந்தது. முதலில் கோவில்தான் தெரிந்தது. சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த வீடுகளுக்கு நடுவே, அவை எல்லாவற்றையும்விட உயரமாக, ஒல்லியாக நின்றது. தேவதாரு உத்தரமும் கல்லும் மாறி மாறி, ஒன்றின் மேல் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. பாதி உயரம் வரை கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. உச்சியில் நாலு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மர மாடம். அதற்கு மேல் கற்பலகை வேய்ந்த கூரை. ஏறுவதற்கு ஒரே மரத்தில் படி வெட்டிய ஏணி சாத்தியிருந்தது. காற்று வந்தபோது உள்ளே எங்கோ மரம் முனகியது.

ஊரில் ஆள் நடமாட்டமே இல்லை. கோவில் முற்றத்தில் கம்பளித் தொப்பி போட்ட வயதான ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். பேலி ராம். கோவில் பூசாரி. மெய்யம்மையும் கோமதிநாயகமும் அவரோடு ஹிந்தியில் பேசினார்கள்.

"தேவி கீழ்ப் பள்ளத்தாக்குத் திருவிழாவுக்குப் போயிருக்கிறாள்" என்றார் பேலி ராம். "பல்லக்கோடு ஆண்கள் எல்லாரும் போய்விட்டார்கள்."

"நான் மேலே போய்த் தேவியிடம் ஒன்று கேட்க வேண்டும்" என்றார் கோமதிநாயகம்.

"வெளியூர்க்காரர்கள் ஏறக்கூடாது. சுவரையும் தொடக்கூடாது. தேவியும் வீட்டில் இல்லை. யாரிடம் கேட்பாய்?"

கோமதிநாயகம் மெய்யம்மையின் பக்கம் திரும்பினார்.

"இதுக்கா அம்மா இவ்வளவு தூரம் வந்தோம்?"

"பசிக்கு" என்றார் மெய்யம்மை. "எங்கேயாவது சாப்பாடு கேப்போம்."

கோவிலுக்கு அடுத்த வீட்டில் பிமலா தேவி என்ற பெண் இருந்தாள். மக்காச்சோள ரொட்டியும் ராஜ்மாவும் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே அடிக்கடி வாசலைப் பார்த்தாள். அவள் கணவன் டோலே ராம் மேல் புல்வெளியிலிருந்து ஆடுகளை இறக்கிக்கொண்டு வரப் போயிருந்தான்.

"நேற்றே வந்திருக்க வேண்டும்" என்றாள்.

கோமதிநாயகம் போட்டோவை எடுத்து நீட்டினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அடுப்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இவன் இங்கேதான் படுத்திருந்தான்" என்று அடுப்புக்குப் பக்கத்தில் கை காட்டினாள். "ராஜ்மா இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்."

கோமதிநாயகம் அந்த இடத்தைப் பார்த்தார். கையை வைத்துப் பார்த்தார். தரை வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்புச் சூடு.

"அப்புறம்?"

"விடிவதற்குள் கிளம்பிவிட்டான். எங்களை எழுப்பவில்லை. போர்வையை மடித்து வைத்திருந்தான்."

"எந்தப் பக்கம் போனான்? ஏதாவது சொன்னானா?"

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். கணவாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடமிருந்து அதற்கு மேல் எதுவும் கேட்க முடியாது என்று கோமதிநாயகத்துக்குத் தெரிந்தது. அவள் முகத்தில் இருந்தது அவருக்கு நன்றாகப் பழகிய விஷயம்.

மறுநாள் காலை கதவைத் திறந்தபோது வெளியே ஒன்றும் இல்லை. கணவாய் இல்லை, எதிர்மலை இல்லை, பக்கத்து வீடு இல்லை. வெள்ளையாக மேகம் ஊருக்குள் இறங்கி நின்றது. கோவிலின் அடிப்பாகம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதற்கு மேல் அது வெள்ளைக்குள் போய் மறைந்தது.

மேலே இருந்து ஒரு முழக்கம் கேட்டது. முரசு. ஒரே ஒரு அடி. அது மலையில் பட்டு, பரந்து, தேய்ந்தது. பிறகு இன்னொரு அடி.

"மேகம் இறங்கினால் அடிப்பார்கள்" என்றாள் பிமலா தேவி. "மேலே இருக்கிறவர்களுக்கு வழி தெரியாது. சத்தம் வருகிற பக்கம் இறங்கி வருவார்கள். வழக்கமாக அடிக்கிறவன் என் புருஷன்தான். இன்று பூசாரி அடிக்கிறார்."

முன்பகல் முழுக்க முரசு ஒலித்தது. மூன்று பேரும் வாசலிலேயே இருந்தார்கள். போகப் போக அடிகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே பிமலா தேவி மூச்சை நிறுத்திக்கொண்டிருப்பதைக் கோமதிநாயகம் கவனித்தார். பிறகு, தானும் அப்படியே செய்வதைக் கவனித்தார்.

பேலி ராம் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். வலது தோளை இடது கையால் பிடித்திருந்தார்.

"கை வரவில்லை" என்றார். "தூக்கவே முடியவில்லை."

"வேறு யார் இருக்கிறார்கள்?" என்றார் மெய்யம்மை.

"எல்லாரும் தேவியோடு. பெண்கள் ஏறக்கூடாது."

மெய்யம்மை கோமதிநாயகத்தைப் பார்த்தார். கோமதிநாயகம் தரையைப் பார்த்தார்.

"நானா? எனக்கு அந்த ஏணியைப் பாத்தாலே தலை சுத்துதும்மா."

"தெரியும்."

"வெளியூர்க்காரன் ஏறக்கூடாது" என்றார் பேலி ராம். அவருக்குத் தமிழ் புரியவில்லை, ஆனால் பேச்சு எதைப் பற்றி என்று புரிந்தது. "தேவியிடம் கேட்காமல் நான் எப்படிச் சொல்வேன்?"

பிமலா தேவி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"தேவிதான் வீட்டில் இல்லையே, பூசாரி. யார் பார்க்கப் போகிறார்கள்?"

பேலி ராம் மாடத்தை அண்ணாந்து பார்த்தார். முரசு இல்லாத அந்த நேரம் எல்லாருக்கும் கேட்டது.

"பெல்ட்டைக் கழற்று" என்றார். "தோல் எதுவும் மேலே போகக்கூடாது."

"முரசும் தோல்தானே?"

"அது வேலையில் இருக்கிற தோல்."

கோமதிநாயகம் பெல்ட்டையும் செருப்பையும் கழற்றினார். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. பேலி ராம் ஒரு கம்பளிக் கயிற்றைக் கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார்.

படிகள் பாதி பாதத்துக்குத்தான் இடம் கொடுத்தன. மரம் ஈரமாக இருந்தது. பாதி தூரம் போனதும் கீழே தரை தெரியவில்லை, மேலே மாடம் தெரியவில்லை. அவர் ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா!"

"இங்கேதான் இருக்கேன்" என்று கீழே இருந்து குரல் வந்தது.

மெய்யம்மையின் முகம் தெரியவில்லை. குரல் மட்டும்தான். கோமதிநாயகம் அடுத்த படியைக் காலால் தேடினார்.

மாடத்தில் முரசு செம்புக் குடம் போல உட்கார்ந்திருந்தது. குச்சியை எடுத்தார். எடுத்த வேகத்தில் அடித்தார், திரும்பத் திரும்ப அடித்தார். ஒரு வருடமாக உள்ளே இருந்தது எல்லாம் கையில் வந்தது.

"நிறுத்து!" என்று பேலி ராம் கீழே இருந்து கத்தினார். "அப்படி அடிக்காதே! வேகமாக அடித்தால் எல்லாப் பாறையும் திருப்பிக் கத்தும். எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியாது. ஒரு அடி அடி. அது போய் முடியட்டும். முடிந்த பிறகு அடுத்தது."

கோமதிநாயகம் ஒரு அடி அடித்தார். காத்திருந்தார். முழக்கம் போய்க்கொண்டே இருந்தது. முடிந்துவிட்டதா என்று தெரியவில்லை. அடிப்பதைவிடக் காத்திருப்பது கடினமாக இருந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் ஏதாவது குரல் கேட்கிறதா என்று காது நீண்டது. எதுவும் கேட்கவில்லை. அடுத்த அடி அடித்தார்.

எவ்வளவு நேரம் அடித்தார் என்று அவருக்குத் தெரியாது. விரல்கள் மரத்தன. உள்ளங்கை எரிந்தது. ஒரு சமயம் காற்று வந்து மேகத்தைக் கொஞ்சம் கலைத்தது. ஊரின் மேல் எல்லையில், கணவாய்ப் பாதை தொடங்கும் இடத்தில், யாரோ நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

முதுகில் சிவப்பாக ஒன்று இருந்தது.

மேகம் மறுபடி மூடிக்கொண்டது.

குச்சி மாடத்தில் விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. ஏணியில் எப்படி இறங்கினார் என்பதும் நினைவில்லை. கடைசிப் படிகளில் சறுக்கி விழுந்தார். எழுந்தார். வெறுங்காலோடு ஓடினார்.

"சொக்கு! ஏலே சொக்கு!"

வெள்ளைக்குள் அந்த உருவம் நின்றது. அவர் போய் அதன் தோளைப் பிடித்து முகத்தைப் பார்த்தார்.

பிமலா தேவி. கணவனுக்காக எடுத்துப் போன சிவப்புப் போர்வையை முதுகில் கட்டியிருந்தாள். பாதையின் முனை வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

"முரசு ஏன் நின்றது?" என்று கேட்டாள். "ஏன் நின்றது?"

"நான்... என் மகன் என்று நினைத்துவிட்டேன்."

அவள் அவரைப் பார்த்தாள். திட்டுவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டாள். பிறகு அவர் முதுகில் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளினாள்.

"ஏறு" என்றாள். "சீக்கிரம் ஏறு."

அவர் ஏறினார். இந்த முறை தலை சுற்றியதா என்று கவனிக்க நேரம் இருக்கவில்லை.

வெளிச்சம் குறையத் தொடங்கியபோது ஆட்டின் கழுத்து மணி கேட்டது. முதலில் ஒன்று. பிறகு நிறைய. மேகத்துக்குள்ளிருந்து ஆடுகள் ஊருக்குள் வழிந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒரு மனிதன் நொண்டிக்கொண்டு வந்தான். மீசையில் பனி பிடித்திருந்தது.

பிமலா தேவி அவனைக் கட்டிப் பிடிக்கவில்லை. சிவப்புப் போர்வையை அவன் மேல் போர்த்தினாள். பிறகு அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எல்லாரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். டோலே ராம் இரண்டு கைகளாலும் தேநீர்க் கிளாசைப் பிடித்துக்கொண்டு குளிர் காய்ந்தான். சூடு ஏறியதும் பேசினான்.

"கால் பிசகிவிட்டது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தேன். நடுவில் முரசு நின்றுபோனது. நானும் நின்றேன். எந்தப் பக்கம் கால் வைப்பது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததும் தூக்கம் வந்தது."

"தூங்கியிருந்தால்?" என்றாள் பிமலா தேவி.

"மறுபடி கேட்டது. எழுந்துவிட்டேன்" என்றான்.

கோமதிநாயகம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோல் உரிந்திருந்தது. கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு பேலி ராமைக் கேட்டார்.

"போன வருடம் என் மகன் போன அன்று மேகம் இறங்கியதா?"

"இறங்கியது."

"முரசு எவ்வளவு நேரம் அடித்தீர்கள்?"

பேலி ராம் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார்.

"அடிக்கவில்லை."

கோமதிநாயகம் பக்கத்தில் இருந்த தன் கிளாசைக் கையில் எடுத்தார்.

"ஊர்க்காரர்கள் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள்" என்றார் பேலி ராம். "மேலே யாரும் இல்லை என்றுதான் நினைத்தோம். உன் மகன் கீழ்ச்சாலைக்கு இறங்கிப் போயிருப்பான் என்று நினைத்தோம். அவன் கணவாய்க்குப் போனது போலீஸ் வந்த பிறகுதான் தெரியும்."

கோமதிநாயகம் எழுந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹிந்தி வரவில்லை. தமிழும் வரவில்லை. கையில் இருந்த கிளாசைச் சுவரில் எறிந்தார். அது பித்தளை. உடையவில்லை. உருண்டு டோலே ராமின் காலடிக்குப் போய் நின்றது.

அவர் வெளியே போனார். மெய்யம்மை பின்னால் போனார்.

வெளியே கடைசி வெளிச்சம் இருந்தது. கோமதிநாயகம் கோவில் முற்றத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் வீட்டுல இருந்தாங்களாம்மா. கேட்டீங்களா? எல்லாரும்!"

"கேட்டேன்."

"அவன் எங்கேயோ நின்னுக்கிட்டு... எந்தப் பக்கம்னு தெரியாம..."

மெய்யம்மை அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் எதிரே மெய்யம்மை கீழே உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. கோமதிநாயகம் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

"இப்பவாவது சொல்லுங்கம்மா. என்னால முடியலை. அவன் இருக்கானா, இல்லையா?"

"எனக்குத் தெரியாது."

கோமதிநாயகம் திரும்பிப் பார்த்தார்.

"தெரியாதா?"

"தெரியாது."

"எப்ப இருந்து?"

"நீங்க முதல் நாள் கேட்டப்பவே."

"அப்ப ஏம்மா இத்தனை நாள் சொல்லலை? தினம் வந்தேனே. தினம் வந்து உங்க முகத்தைப் பாத்துட்டுப் போனேனே."

"பயமா இருந்தது."

"உங்களுக்கா?"

"தெரியாதுன்னு சொன்னா நீங்க வேற ஒருத்தர்கிட்ட கேக்கப் போவீங்க. அங்கே யாராவது தெரியும்னு சொல்லிருவாங்க."

கோமதிநாயகம் தோல் உரிந்த கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஒரு வருடத்தில் அவர் அழுதது அன்றுதான். மெய்யம்மை எழுந்திருக்கவில்லை. பிமலா தேவி வாசல் வரை வந்து பார்த்துவிட்டு, இரண்டு போர்வைகளை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாளும் மேகம் விலகவில்லை. கீழே இறங்க வழி இல்லாததால் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். டோலே ராம் காலில் பத்துப் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். ஆடுகள் பட்டியில் இருந்தன. ஊரில் இருக்க வேண்டியவர்கள் எல்லாரும் ஊரில் இருந்தார்கள்.

பேலி ராம் முற்றத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தார். கோமதிநாயகம் அவரைத் தாண்டிப் போனார். ஏணிக்குக் கீழே செருப்பையும் பெல்ட்டையும் கழற்றினார். நேற்றைய கம்பளிக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"எங்கே போகிறாய்?" என்றார் பேலி ராம்.

கோமதிநாயகம் ஏறினார்.

முரசு ஒலித்தது. ஒரு அடி. அது போய் முடிந்தது. பிறகு அடுத்தது.

வீடுகளிலிருந்து பெண்கள் வெளியே வந்து பார்த்தார்கள். யார் வரவில்லை, யார் வரவில்லை என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். பேலி ராம் ஏணிக்கடியில் போய் அண்ணாந்து கத்தினார்.

"எல்லாரும் வந்துவிட்டார்கள்! இறங்கி வா!"

முரசு ஒலித்தது.

"மேலே யாரும் இல்லை! யாருக்காக அடிக்கிறாய்?"

அடுத்த அடி விழவில்லை.

மேகத்துக்குள்ளிருந்து கோமதிநாயகத்தின் குரல் வந்தது.

"அம்மா!"

மெய்யம்மை முற்றத்துக்கு வந்தார்.

"இங்கேதான் இருக்கேன்."

"எல்லாரும் வந்துட்டாங்களாம். மேலே யாரும் இல்லைன்னு பூசாரி சொல்லுதார்."

"அப்படியா?"

"யாருக்காக அடிக்கேன்னு கேக்கார். என்ன சொல்ல?"

"யார் யார் வெளியே இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மேலே மரம் முனகியது.

"தெரியாதும்மா."

"அப்ப ஏன் நிறுத்திட்டீங்க?"